பச்சைத் துணி

சின்னக்கருப்பனை மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கோச்சடையில் காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஆகாயத்தாமரை அழுகின வாடை தெருமுனை வரைக்கும் வந்து நின்றது. மருமகன் அசோக்குமார் ஒரு பக்கமும் ஆட்டோக்காரர் ஒரு பக்கமும் அணைத்துப் பிடிக்க, வாக்கரை அடியடியாக நகர்த்தி அவர் வாசப்படி ஏறினார். மகள் தமிழ்வாணி முன்னால் ஓடிப்போய்க் கூடத்து லைட்டைப் போட்டாள்.

அவர் நாற்காலியைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் லைட்.

ஜன்னலோரமாக அது கிடந்தது. அறுபதுகளின் கடைசியில் சர்க்கார் ஆபீசுகளுக்கென்று புது மோஸ்தரில் செய்து இறக்கிய தேக்கு நாற்காலி. கால்கள் கீழே போகப் போக மெலிந்து, கொஞ்சம் வெளியே சாய்ந்து நிற்கும். கைப்பிடி இரண்டும் துடுப்பைப் போலத் தட்டையாக, காபி டம்ளர் வைத்தால் நிற்கிற அகலம். அவர் ஆபீஸ் ஏலத்தில் எடுத்துவந்து இருபத்தெட்டு வருசமாக அந்த வீட்டில் அது அழுக்கேறி, நீலமும் வெள்ளையுமாகக் கட்டில் நாடா பின்னிய இருக்கையோடு, நடுவில் தொட்டில் மாதிரி குழிந்து கிடந்தது. இப்போது மரம் தேன் நிறத்தில் இருந்தது. இருக்கையிலும் முதுகிலும் பாட்டில் பச்சைத் துணி. ஓரம் பூராவும் பித்தளைக் குமிழாணி.

சின்னக்கருப்பன் அதன் முன்னால் நின்றார். வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து, தோளில் கிடந்த துண்டை உருவினார். இடது கைப்பிடியை ஒரு இழுப்பு, வலது கைப்பிடியை ஒரு இழுப்பு, முதுகுச் சட்டத்தின் மேல்விளிம்பை ஒரு இழுப்பு. துடைத்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நல்லாருக்கு" என்றார்.

"உக்காந்து பாருங்கப்பா."

"அப்பறமா உக்காருறேன்த்தா. காலு அசதியா இருக்கு. படுக்கணும்."

தமிழ்வாணி படுக்கையைத் தட்டிப் போட்டாள். பில் போடுவதற்காக மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த மனுசன், அசதி இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேசன் செய்து பிளேட் வைத்திருந்தார்கள். வயது எழுபத்தொன்பது. டாக்டர் இரண்டே விசயம்தான் சொன்னார். குழிந்த இருக்கையில் உட்காரக் கூடாது, முழங்காலைவிட இடுப்பு உயரமாக இருக்க வேண்டும், ஊன்றி எழுந்திரிக்கக் கைப்பிடி வேண்டும். இது ஒன்று. இன்னொன்று, படுத்தே கிடக்கக் கூடாது. நாடா நாற்காலி ஆகாது என்று ஆனபிறகுதான் அதைப் புதுசாக்கும் யோசனை அவளுக்கு வந்தது. ஆக்குவதுதான் ஆக்குகிறோம், முதன்முதலில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடலாமே என்று ஒரு ஆசை.

டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ இருந்தது. எழுபத்தெட்டில் ஏதோ ஒரு ஆபீசருக்கு மாறுதல் ஆனபோது எடுத்தது. நடுவில் ஆபீசர் இதே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வரிசைக் கடைசியில் வெள்ளைச் சட்டையும் குறுக்கு வாரும் பித்தளை வில்லையுமாக அப்பா, கைகளை முன்னால் கோத்து நின்றுகொண்டிருந்தார். முப்பத்தாறு வருசம் அந்த ஆபீசில் பியூன். வாடிப்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து முதல் சர்க்கார் சம்பளம்.

போட்டோவில் கலர் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியான நேரம், "அப்பா, நம்ம நாற்காலி ஆபீசுல இருக்கறப்ப என்ன கலருப்பா?" என்று கேட்டாள். அதுவரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முகம் திரும்பினார்.

"பாட்டில் பச்சை. சீட்டைச் சுத்தி நாப்பத்தி நாலு குமிழாணி. முதுகுல இருபத்தாறு. இடது பக்கம் மூணாவது ஆணி மட்டும் சப்பையாயிருக்கும். ஓரத்துல பச்சையிலயே கயிறு மாதிரி ஒரு சுத்து வச்சுத் தச்சிருப்பாங்க."

கண்கள் விரிந்து, விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். இம்புட்டு ஆசையை வைத்துக்கொண்டா நாடா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தாள்.

மகபூப்பாளையத்தில் குஷன் வேலை பார்க்கிற ஜுல்பிகர் வீட்டுக்கு வந்து நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஒரு சட்டத்தில் துருப்பிடித்த ஆணியடியில் அரை அங்குலப் பச்சை நூல் சிக்கியிருந்தது.

"கலர் ஆப்ட்டுருச்சு தங்கச்சி. ஆனா யாரோ ஆணியக் கழட்டாமத் துணியப் பிடிச்சு இழுத்துக் கிழிச்சிருக்காங்க. மரமெல்லாம் பிச்சுருக்கு பாருங்க. வேலை தெரியாத ஆளு" என்றார்.

அந்த நூலைத் தாளில் மடித்து எடுத்துப்போய், துணிக்கடை துணிக்கடையாக அலைந்து அதே பச்சையைப் பிடித்தார். ஓரச் சுற்றை அவர் வீட்டுக்காரி சமீனா தைத்தாள். கீழே புது நாடா இழுத்துக் கட்டி, மேலே கெட்டி ஃபோம், அதன் மேல் காடாத் துணி உறை, அதற்கு மேல் பச்சை. டாக்டர் சொன்ன உயரத்துக்கு ஒரு நூல் கூடவோ குறையவோ இல்லை. நாற்பத்தி நாலு ஆணி. முதுகில் இருபத்தாறு.

அந்த நாற்காலியில்தான் அவர் உட்காரவில்லை.

மறுநாள் உட்காரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. "இன்னைக்கு முதுகு பிடிச்சிருக்கு", "சாப்புட்டதும் உக்காந்தா நெஞ்சைக் கரிக்கும்", "சாயந்திரமாப் பாப்பம்". கட்டில் விளிம்பில் கால் தொங்கப்போட்டுக் கஞ்சி குடிப்பார். சாய்மானம் இல்லாமல் பத்து நிமிசத்துக்கு மேல் தாங்காது. படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆறாம் நாள் இருமல் ஆரம்பித்தது.

பிசியோதெரபி செய்ய வருகிற கனகா நெஞ்சில் காது வைக்காத குறையாக இருமலைக் கேட்டாள். தமிழ்வாணியை அடுப்படிக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னாள்.

"அக்கா, நெஞ்சுல சளி கட்ட ஆரம்பிச்சிருக்கு. இந்த வயசுல இடுப்பு ஒடஞ்சவங்க இடுப்பால போறதில்லக்கா. படுத்தே கெடந்து சளியிலதான் போறாங்க. ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாச்சும் நிமுந்து உக்காரணும். எப்படியாச்சும் உக்கார வைங்க."

அசோக்குமார் ஒரு சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்து வந்தார். மாமனார் அதை ஒரு பார்வை பார்த்தார்.

"மாப்ள, அதுல உக்காந்தவன் எவனும் எந்திரிச்சதா நான் பாத்ததில்ல. கொண்டுபோயிக் குடுத்துருங்க."

"அப்ப இதுல உக்காருங்க மாமா. உங்க சொந்த நாற்காலிதான."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மழை தகரத்தில் விழுகிற சத்தம்தான் கேட்டது.

தமிழ்வாணி தல்லாகுளத்தில் ஒரு ஆபீசில் சூப்பிரண்டு. பைல்களுக்கு நடுவில் உட்கார்ந்து, என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்தாள். உயரமோ? துணி உறுத்துகிறதோ? ஞாயிற்றுக்கிழமை ஜுல்பிகரை வரச் சொன்னாள்.

ஜுல்பிகர் பையோடு வந்தார். அளவு டேப்பைப் போட்டு நாற்காலியை அளந்தார். சின்னக்கருப்பனின் முழங்காலிலிருந்து குதிகால் வரைக்கும் அளந்தார். மறுபடியும் நாற்காலியை அளந்தார்.

"அளவு சரியாத்தான்யா இருக்கு. எங்க குத்துது? சொல்லுங்க, சரி பண்ணிருவோம். முப்பது வருசமா குஷன் போடுறேன். என் சீட்டுல உக்கார மாட்டேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

"வேலையில ஒரு குத்தமும் இல்ல பாய். சுத்தமான வேலை."

"வேலை சுத்தம்னா ஒரு தடவை உக்காந்து காட்டுங்க. எம் பொண்டாட்டி கேப்பா. அவளுக்கு நான் பதில் சொல்லணுமா இல்லையா?"

சின்னக்கருப்பன் சிரித்தார். சிரித்ததால் தட்ட முடியவில்லை. ஜுல்பிகரும் தமிழ்வாணியும் ஆளுக்கொரு கையைப் பிடிக்க, வந்து உட்கார்ந்தார். சாயவில்லை. இருக்கையின் முன்விளிம்பில், இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, பாதங்களைச் சேர்த்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா பின்னால தள்ளி உக்காருங்கய்யா."

"போதும் பாய். போதும்."

அந்த நேரத்தில்தான் அசோக்குமார் வந்தார். பசுமலையில் அவர் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் காலையில் ஏதோ விழா. வெள்ளைச் சட்டை, ஷூ. வாசலில் ஷூச் சத்தம் கேட்டதுதான் தாமதம், சின்னக்கருப்பன் எழுந்துவிட்டார். வாக்கரைப் பிடிக்கவில்லை, கைப்பிடியில் ஊன்றவும் இல்லை. உடைந்த இடுப்போடு அந்த உடம்பு தானாக விறைத்து மேலே வந்து, பக்கவாட்டில் ஒதுங்கப் பார்த்துச் சரிந்தது. ஜுல்பிகர் பாய்ந்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். டேப் உருண்டு கட்டிலுக்கடியில் போனது.

கட்டிலில் உட்கார வைத்தார்கள். அசோக்குமார் வாசலிலேயே நின்றார். "நாந்தான மாமா? நாந்தான?" என்று கேட்டார்.

தமிழ்வாணிக்கு அந்த எழுந்திரிப்பு தெரிந்ததாக இருந்தது. தினம் பார்க்கிறதுதான். காலை பத்து மணிக்கு அவள் ஆபீஸ் வராந்தாவில் செருப்புச் சத்தத்தோடு நடந்து போகும்போது, ஸ்டூலில் இருக்கிற பியூன் ஜெயபாண்டி இப்படித்தான் எழுந்திரிப்பார். கண் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் உடம்பு எழுந்துவிடும். எட்டு வருசமாகப் பார்த்தும் அதை அவள் பார்த்ததில்லை.

அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"இந்த நாற்காலியில நீங்க ஆபீசுல உக்காந்திருக்கீங்களாப்பா?" என்றாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஒரே ஒரு வாட்டி. எழுபத்தி நாலுல. சித்திர மாசம். ஆபீசரு லீவு. தூசி தட்ட ரூமுக்குள்ள போனேன். காலையில இருந்து தபால் தூக்கிக்கிட்டு அலஞ்ச காலு. ஃபேனைப் போட்டேன். உக்காந்துட்டேன். ரெண்டு நிமிசம் இருக்கும். ஹெட்கிளார்க்கு வந்துட்டாரு."

"வஞ்சாரா?"

"வையல. நல்ல மனுசன். மெமோவும் குடுக்கல. வெளிய போயிட்டுத் திரும்பி வந்து, 'கருப்பா, அதை வெளிய கொண்டுபோயிக் கழுவிரு'ன்னாரு. அம்புட்டுத்தான்."

ஜுல்பிகர் கீழே குனிந்து டேப்பைத் தேடுவதை நிறுத்தினார்.

"நானேதான் தூக்கிட்டுப் போயி வேப்பமரத்தடியில வச்சுக் கழுவுனேன். நாலு குடம் தண்ணி. எல்லாரும் ஜன்னல்ல நின்னு பாத்தாங்க. பச்சைச் சாயம் எறங்கி என் காலு வழியா ஓடுச்சு. காய ரெண்டு நாளாச்சு. மாடு வந்து ஒரசிராம நாந்தான் காவல். அப்பறம் உள்ள கொண்டுபோயிப் போட்டேன். அதுக்கப்பறம் இருவத்திரெண்டு வருசம் தெனமும் தொடச்சேன். ஆணி ஆணியாத் தொடச்சேன். அதான் ஞாவகம் இருக்கு."

அசோக்குமார் ஷூவைக் கழற்றத் தொடங்கினார். கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்து சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"அப்பறம் ஏம்ப்பா அதையே ஏலத்துல எடுத்தீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மழை விட்டிருந்தது. தெருவில் யாரோ சைக்கிளைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டுத் தேய்ந்தது.

"எடுக்கணும்னு இருந்துச்சு" என்றார். "எடுத்த அன்னைக்கே, அதே மரத்தடியில வச்சு, துணியக் கையாலயே கிழிச்சுப் போட்டேன். நகமெல்லாம் ரத்தம். அப்பறந்தான் மூணு சக்கர வண்டியில ஏத்தி வீட்டுக்குக் கொண்டாந்தேன். நாடா பின்னுனேன். அது எம் நாற்காலி. இது…" கையை நீட்டிக் காட்டிவிட்டு, கையை இறக்கிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில நான் கேட்டப்ப அம்புட்டுச் சந்தோசமாச் சொன்னீங்களேப்பா. ஆணி எண்ணிக்கை மொதக்கொண்டு."

சின்னக்கருப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெட்கம் வந்தது.

"மயக்கத்துல இருந்து முழிச்சதுல இருந்து, ஒம் பேரென்ன, இன்னைக்கு என்ன கெழமை, இது எந்த ஊருன்னு டாக்டரு தெனம் கேட்டுக்கிட்டே இருந்தாரு. புத்தி சரியா இருக்கான்னு பாக்குறாங்கள்ல. நீயும் அதுக்குத்தான் கேக்குறன்னு நெனச்சேன். ஒண்ணு விடாமச் சொன்னாத்தான வீட்டுக்கு விடுவாங்க."

தமிழ்வாணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எது முன்னால் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தோல் சுருங்கிக் குளிர்ந்திருந்தது.

"வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா. இருமல் வந்துருச்சேப்பா."

"நீ ஆசையாச் செஞ்சு வச்சிருக்க. லைட்டெல்லாம் போட்டு வச்சிருக்க. அதைப் போயி எப்படித்தா சொல்லுவேன்?"

ஜுல்பிகர் டேப்பை எடுத்துச் சுருட்டிப் பையில் போட்டார். பைக்குள் துழாவி, முனை பிளந்த ஆணி பிடுங்கியை வெளியே எடுத்தார். கொஞ்ச நேரம் அந்தப் பச்சையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். நாலு நாள் வேலை. பிறகு நாற்காலியைத் தூக்கிவந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் கைக்கு எட்டுகிற மாதிரி போட்டார்.

"அய்யா, அன்னைக்கு மரத்தைப் பிச்சு எறிஞ்ச வேலை தெரியாத ஆளு நீங்கதானா? இந்தத் தடவை முறையாக் கழட்டுவோம். இந்தாங்க, பிடிங்க. இதை ஆணித் தலைக்குக் கீழ விட்டு லேசா நெம்புங்க. அம்புட்டுத்தான்."

"ஒன் வேலை பாய் அது."

"எம் வேலைதான். நான் மறுபடி செஞ்சுக்குவேன். எங்க போயிரப் போறேன்."

முதல் ஆணி வர நேரமாயிற்று. பிடுங்கி ஆணித் தலையிலிருந்து வழுக்கியது. இரண்டாவது கொஞ்சம் சீக்கிரம் வந்தது. ஐந்தாவது ஆணி தெறித்துப்போய் அசோக்குமார் மடியில் விழுந்தது. "மாப்ள, கண்ணு பத்திரம்" என்றார். அசோக்குமார் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டார். கிண்ணத்தில் ஆணி விழுகிற சத்தம் சீராக வந்தது. நடுவில் இருமல் வந்து சளி கழன்றது. துப்பிவிட்டு மறுபடி குனிந்தார். தமிழ்வாணி முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தாள். அதை அவர் கவனிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது நிமிசம் ஆகியிருந்தது.

"ஜுல்பிகரு."

"சொல்லுங்கய்யா."

"ஒரு ஆணி கூட இருக்குப்பா. நாப்பத்தஞ்சு."

"இருக்காதே. எண்ணித்தான அடிச்சேன்."

"எனக்கா கணக்குச் சொல்ற? தெனம் தொடச்சவன்."

இரண்டு பேரும் கிண்ணத்தைத் தரையில் கொட்டி எண்ணினார்கள். நாற்பத்தைந்துதான். ஜுல்பிகர் தலையைச் சொறிந்தார். சின்னக்கருப்பன் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார்.

முதுகு ஆணி இருபத்தாறையும் ஜுல்பிகர் கழற்றினார். இரண்டு துணியையும் உரித்தெடுத்தபோது கீழே காடாத் துணி உறை வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. உரித்த பச்சையை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. ஜுல்பிகர் அதைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"சரிங்கய்யா, இப்ப மேல என்ன கலரு போடலாம்? சொல்லுங்க. உங்க இஷ்டம்."

சின்னக்கருப்பன் யோசித்தார். 

"கலரா?"

"ஆமா. நீலம், செவப்பு, காப்பிக்கொட்டை, கோடு போட்டது, பூப் போட்டது, எது வேணும்னாலும்."

"திடீர்னு கேட்டா எப்படிப்பா? யோசிச்சுத்தான் சொல்லணும்."

"மெதுவாச் சொல்லுங்க. நான் தொழுதுட்டுக் கடைக்குப் போயி மாதிரித் துணி எடுத்துட்டு வாரேன்."

அவர் போனபிறகு வீட்டில் அயிரை மீன் குழம்பு வாசம் எழுந்தது. அசோக்குமார் காலையிலேயே கரிமேட்டில் வாங்கிப்போட்டுவிட்டுத்தான் விழாவுக்குப் போயிருந்தார். தமிழ்வாணி சோற்றைப் பிசைந்து தட்டில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கட்டில் காலியாக இருந்தது. 

அவர் நாற்காலியில் இருந்தார். அசோக்குமார் பக்கத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பேசாதே என்று கண்ணைக் காட்டினார். காடாத் துணியில் அப்பா, நன்றாகப் பின்னால் தள்ளி, முதுகைச் சாய்த்து, இரண்டு முழங்கையையும் கைப்பிடிகளில் கிடத்தி உட்கார்ந்திருந்தார்.

"உக்காந்து உக்காந்து முதுகு வலிக்குது" என்றார், கட்டிலைக் குற்றம் சொல்கிற குரலில். "அங்க சாய எடமில்ல. கொண்டா."

தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நாலாவது வாயில் குழம்பு வழிந்து தொடைக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியில் விழுந்தது. மஞ்சளாகப் பரவியது. அவர் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவள் கை முந்தானைக்குப் போய், அப்படியே நின்றது.

"முள்ளு பாத்துத் தின்னுங்கப்பா" என்றாள்.

"அயிரையில ஏதுத்தா முள்ளு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாயை எடுத்தார்.

கனகா வரும்போதெல்லாம் இருமலைக் கேட்டாள். பத்து நாளில் அது நெஞ்சிலிருந்து தொண்டைக்கு வந்து, அப்புறம் இல்லாமல் போனது. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தது. காடாத் துணியில் மஞ்சளுக்குப் பக்கத்தில் காபிக் கறை ஒன்று, மருந்துக் கறை ஒன்று, பேப்பர் மை படிந்த இடம் ஒன்று. ஜுல்பிகரின் மாதிரித் துணிக் கட்டு ஜன்னல் திட்டில் இருந்தது. காலையில் ஒரு தடவை அதைப் புரட்டிப் பார்ப்பார். காப்பிக்கொட்டைக் கலரைத் தள்ளிவைப்பார், சாயந்திரம் திரும்ப எடுப்பார். பூப் போட்டதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமைதோறும் ஜுல்பிகர் போன் செய்தார்.

"தங்கச்சி, அய்யா கலர் சொல்லிட்டாரா? துணி வாங்கணும்ல. காடாவோட எத்தன நாளைக்கு?"

தமிழ்வாணி போனைக் காதிலிருந்து எடுத்து, "அப்பா, பாய் கேக்குறாரு" என்றாள்.

சின்னக்கருப்பன் காலை நீட்டி, சாய்ந்து, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்னு சொல்லு" என்றார்.